பழைய தளமா, புதிய தளமா?

ஒரு காலை வேளையில் விழுப்புரம் சந்திப்பில் நீங்கள் ரயில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி சென்னைத் திசையில் புறப்படுகிறது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கடந்ததும் திண்டிவனம் வந்துவிடுகிறது.

இந்தப் பாதையைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க காலத்துல இது மீட்டர் கேஜ்" என்பார். அன்று இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இருந்த தூரம் சரியாக 1 மீட்டர். 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை இந்தக் குறும்பாதையை மின்மயமாக்கினார்கள். அதில் மின்சார எஞ்சின்கள் பல ஆண்டுகள் சிறப்பாக ஓடின. பின்னர் அகலப்பாதை வந்தது. இன்று தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.676 மீட்டர்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பழைய எஞ்சின்கள் கெட்டுப்போனதனாலா ஓய்வு பெற்றன? இல்லை. ஓடும் வலிமை உள்ள எஞ்சினாக இருந்தாலும், சக்கரம் தண்டவாளத்தில் பொருந்தவில்லை என்றால் அதனால் என்ன பயன்? பாதை மாறியது; அதனால் வண்டியும் மாற வேண்டியதாயிற்று.

இதே சிக்கல் இன்று உங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கும் வந்திருக்கிறது. "புதிய இயங்குதளத்துக்கு மாறுங்கள்" என்ற அறிவிப்பு திரையில் வருகிறது. மாறலாமா, வேண்டாமா? ஒரு விஞ்ஞான மாணவன் இதை எப்படி ஆராய்வான் என்று பார்ப்போமா?

இயங்குதளம் என்ன செய்கிறது?

கணிப்பொறியில் நீங்கள் படம் வரைகிறீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள், பாட்டுக் கேட்கிறீர்கள். இவற்றைச் செய்யும் நிரல்கள்தாம் ரயில் வண்டிகள். அந்த வண்டிகளுக்குத் தண்டவாளமாகவும், கைகாட்டியாகவும், நிலைய அதிகாரியாகவும் இருப்பது இயங்குதளம். எந்த நிரலுக்கு எத்தனை கணநேரம் செயலியைத் தருவது, நினைவகத்தில் எந்த இடத்தை ஒதுக்குவது, கோப்புகளை வட்டில் எங்கே வைப்பது, அச்சுப்பொறியுடன் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவை கணிப்பொறி இயங்குதளங்கள். உங்கள் வீட்டுக் கைப்பேசியில் இருக்கும் ஆண்ட்ராய்டும் ஓர் இயங்குதளமே.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று திருத்தம், மற்றொன்று பதிப்பு மாற்றம். இருக்கும் தண்டவாளத்தில் தளர்ந்த ஆணியை முடுக்குவது திருத்தம். மீட்டர் பாதையைப் பெயர்த்து அகலப்பாதை போடுவது பதிப்பு மாற்றம். ஆணி முடுக்குவதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். பாதையை மாற்றுவதற்குத்தான் யோசனை தேவை.

கேள்வி இப்போது எழுவது ஏன்?

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 7-க்கான திருத்தங்களை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டன. அந்தத் தேதியில் எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடுவதில்லை. முதல் நாள் ஓடியது போலவே மறுநாளும் ஓடும். ஆனால் ஆணி முடுக்க வருபவர் இனி வரமாட்டார்!

தமிழ்நாட்டில் இது பல குடும்பங்களைத் தொடும் செய்தி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குக் கிடைத்தன. உங்கள் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது வாங்கிய ஒன்று இன்னும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதில் அக்காவின் கல்லூரிச் சான்றிதழ்களின் படிகள் இருக்கும். வீட்டு விசேஷத்தில் எடுத்த படங்கள் இருக்கும். முடிவு தவறினால் இழப்பது இவற்றைத்தான்.

திறந்து கிடந்த கதவு

திருத்தம் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்? 2017-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை சொல்லும்.

விண்டோஸில் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, மே 12 அன்று, 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அது கோப்புகளை மறைகுறியாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அன்று விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. திருத்தமும் தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் அகப்பட்டார்கள். எனவே காப்பாற்றியது புதிய பதிப்பு அன்று, உரிய காலத்தில் போட்ட திருத்தம். ஆதரவு முடிந்த தளத்துக்குத் திருத்தமே வராது என்பதால்தான் பதிப்பு மாற்றம் தேவைப்படுகிறது. தர்க்கத்தின் இந்த இரண்டு படிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேசையும் பரணும்

"அப்படியானால் இன்றே மாற்றிவிடலாமே!" என்று அவசரப்படாதீர்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்குத் தேவையான குறைந்தபட்ச நினைவகம் 64 மெகாபைட். 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 1 ஜிகாபைட், அதாவது 1024 மெகாபைட். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4096-ஐ 64-ஆல் வகுத்தால் 64. இருபது ஆண்டுகளில் தேவை அறுபத்து நான்கு மடங்காகிவிட்டது!

நினைவகம் போதாவிட்டால் கணிப்பொறி என்ன செய்யும்? நினைவகத்தை நீங்கள் படிக்கும் மேசை என்று கொள்ளுங்கள். வன்வட்டு, வீட்டுப் பரண். மேசையில் இடம் இல்லாதபோது சில புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது ஏணி வைத்து இறக்குவோம் அல்லவா? கணிப்பொறியும் அதையே செய்கிறது. ஆனால் வேக வேறுபாட்டைப் பாருங்கள். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு விநாடி ஆகும். சுழலும் வன்வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விநாடி ஆகும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு லட்சம் மடங்கு. மேசைமேல் இருக்கும் புத்தகத்தை எடுக்க ஒரு விநாடி என்றால், பரணிலிருந்து இறக்க ஒரு லட்சம் விநாடிகள், அதாவது 27 மணி நேரத்துக்கும் மேல்!

மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றுள் பல 2 ஜிகாபைட் நினைவகம் கொண்டவை. அவற்றில் கனமான புதிய தளத்தை ஏற்றினால், கணிப்பொறி நாள் முழுவதும் பரணுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வசதி கூடுவதற்குப் பதிலாக வேலை நின்றுபோகும்.

மேலும் விண்டோஸ் 11, நினைவகத்தை மட்டும் கேட்பதில்லை. 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. மறைகுறிச் சாவிகளைத் தனியே பூட்டி வைப்பது அதன் வேலை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். நன்றாக ஓடும் பல கணிப்பொறிகள் இந்தத் தேர்வில் தோற்றுவிடுகின்றன. மீட்டர் கேஜ் எஞ்சின்களின் கதை நினைவுக்கு வருகிறதா?

தமிழ் எழுத்துக்கு வந்த சோதனை

பதிப்பு மாற்றத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு.

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் எழுத்துகளுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அமர்ந்திருந்த இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஒட்டிவைத்தார்கள். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணிப்பொறி நினைத்துக்கொண்டிருப்பதோ ஆங்கிலம்! ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒட்டியதால், ஒரு கடையில் அடித்த கடிதம் மற்றொரு கடையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து பொது எழுத்துருக் குறியீடுகளும் விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன.

உண்மையான தீர்வு ஒருங்குறி முறையில் வந்தது. அதில் உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. விண்டோஸ் வரிசையில் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு தந்த முதல் பதிப்பு விண்டோஸ் 2000. 'லதா' என்ற எழுத்துரு அதனுடன் வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. அந்த நாளில் பழைய விண்டோஸ் 98-ஐ விட்டு மாறியவர்களுக்குத் தெளிவான லாபம் இருந்தது: தமிழில் தேடலாம், தமிழில் அஞ்சல் அனுப்பலாம், தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்தலாம்.

ஆனால் அச்சுத் தொழிலில் இருப்பவர்களின் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே இருக்கின்றனவே! அவர்கள் பலகாலம் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருளின் 7-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பின் எட்டாம் பதிப்பு வரவே இல்லை. இதனால்தான் புதிய தளம் என்றாலே அவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று சொல்லிவிடக் கூடாது.

மூன்று கணிப்பொறிகள், மூன்று தீர்ப்புகள்

இனி நாம் நீதிபதிகளாக அமர்வோம். மூன்று கணிப்பொறிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடையில் இருக்கிறது. விண்டோஸ் 7-இல் பழைய எழுத்துருக்களும் பழைய அச்சுப்பொறியும் ஒழுங்காக வேலை செய்கின்றன. விண்டோஸ் 11-க்கு 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. 32 பிட் தளத்துக்கென எழுதிய அச்சுப்பொறி இயக்கி அதில் வேலை செய்யாது. மாற்றினால் முகூர்த்த நாள் நெருங்கும் வேளையில் கடை நின்றுவிடலாம். ஆகவே இந்தக் கணிப்பொறியை அப்படியே விடலாம். ஆனால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேரே இதில் செருகாமல், புதிய கணிப்பொறி ஒன்றில் சோதித்த பிறகே செருக வேண்டும். புதிய வேலைகளை மெல்ல மெல்ல ஒருங்குறிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, விழுப்புரத்தில் மக்களுக்கு இணையம் வழியே விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு கடையில் இருக்கிறது. இதுவும் விண்டோஸ் 7. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார் உரிமையாளர். ஆனால் நாள்தோறும் எத்தனையோ பேருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் இதன் வழியே போகின்றன. கணிப்பொறி அவருடைய சொத்து. அதில் இருக்கும் விவரமோ பிறருடையது. ஓர் ஓட்டை வழியே அது களவு போனால் துன்பப்படுவது வரிசையில் நின்ற பாட்டி அல்லவா? இங்கே தீர்ப்பு உறுதியானது. ஆதரவு உள்ள தளத்துக்கு மாறியே ஆக வேண்டும்; முடியாவிட்டால் கணிப்பொறியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, உங்கள் அக்காவின் மடிக்கணினி. உங்களுக்குப் பாடம் படிக்கவும், நிரல் எழுதிப் பழகவும், இணையம் பார்க்கவும் அது வேண்டும். விண்டோஸ் 11 அதில் ஏறாது. புதிது வாங்க வீட்டில் பணமில்லை. இதற்கு என்ன தீர்ப்பு? இங்கேதான் வேறொரு பாதை திறக்கிறது.

இன்னொரு பாதை

1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை எழுதி இணையத்தில் வெளியிட்டார். யாரும் அதைப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம். இன்று அதன் அடிப்படையில் பல இயங்குதளங்கள் உள்ளன. அவற்றுள் எளிய திரை அமைப்புக் கொண்டவை 2 ஜிகாபைட் நினைவகத்திலும் ஓரளவு நன்றாக ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கேரள அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது.

ஆனால் இதுவும் மந்திரக்கோல் அன்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் தன் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு மாற்றியும் முடித்தது. பிறகு 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது! பழகிய மென்பொருள், ஊழியர்களின் பயிற்சி, பிற அலுவலகங்களுடன் கோப்புப் பரிமாற்றம் ஆகியவையும் தளத்தோடு சேர்ந்தே வருகின்றன என்பதே இதில் நமக்குப் பாடம்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா? உண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அகலப்பாதையும் மீட்டர் பாதையும் அருகருகே இருந்த காலம் ஒன்று உண்டு. 2004 வரை அங்கே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடியது. அதுபோல ஒரே கணிப்பொறியில் இரண்டு தளங்களை நிறுவி, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் வட்டில் இடமும் கையில் பொறுமையும் வேண்டும்!

செய்து பாருங்கள்

மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. இப்போதுள்ள தளத்துக்குத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும்?

2. கணிப்பொறியில் நினைவகம் எவ்வளவு? வட்டில் காலியிடம் எவ்வளவு? புதிய தளம் கேட்பது எவ்வளவு?

3. நீங்கள் விடாமல் பயன்படுத்தும் மென்பொருள்கள், அச்சுப்பொறி, எழுத்துருக்கள் புதிய தளத்தில் இயங்குமா?

4. இதில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன?

5. தளத்தை மாற்றாமல், நினைவகத்தைக் கூட்டினாலோ சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினாலோ குறை தீருமா? பல சமயம் வேகக் குறைவுக்கு மருந்து இதுவே.

பிறகு முக்கியமான கோப்புகளை வேறு இரண்டு இடங்களில் படி எடுங்கள். எடுத்த படி திறக்கிறதா என்று திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப முடியாது. லினக்ஸ் வேண்டுமானால் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, இணையம் வருகிறதா, தமிழ் தெரிகிறதா என்று சோதித்த பின் முடிவு செய்யுங்கள்.

இடையே ஒரு சிறிய பயிற்சி. ஒருங்குறியில் மெய்க்குறியும் உயிர்க்குறியும் தனித்தனி எண் பெறும். 'விழுப்புரம்' என்பதில் நாம் படிக்கும் எழுத்துகள் 6. கணிப்பொறி சேமிக்கும் எண்களோ வ, இகரக் குறி, ழ, உகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி, ர, ம, புள்ளி என 11. அப்படியானால் 'திண்டிவனம்' என்பதற்கு எத்தனை எண்கள்? நீங்களே எண்ணிப் பாருங்கள். 10 என்று வந்தால் உங்கள் விடை சரி.

நண்பர்களே! புதியது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. பழகியது என்பதால் பத்திரமாகிவிடாது. விற்பவருக்குப் புதியதை விற்கும் ஆசை உண்டு. நமக்குப் பழையதை விடாத ஆசை உண்டு. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அளந்து, சோதித்து, யாருக்கு என்ன இழப்பு வரும் என்று எண்ணிப் பார்ப்பதே விஞ்ஞான நோக்கு. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவின் சான்றிதழ்களைப் படி எடுத்து வையுங்கள். தளத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது வீண்போகாது!